எதிர் நாற்காலிக்கு ஒரு தட்டு

ஜூன் 4

என் கோபக்காரத் தையல்காரருக்கு,

இங்கே மருந்து அலமாரிகளும் நானும் நலம். அங்கே தையல் மெஷினும் அதன் முதலாளியும் எப்படி இருக்கிறீர்கள்?

போன் இணைப்பையே துண்டித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். செய்தது சரி. நாம் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. நம் பையன் கதவுக்குப் பின்னால் நின்று ஒரு சொல் விடாமல் கேட்கிறான். மணி அடித்தாலே அவனுக்குக் கை நடுங்குகிறது என்றால் அந்தச் சனியன் வீட்டில் எதற்கு? இனிமேல் கடை முகவரிக்கே எழுதுகிறேன். அவன் பள்ளிக்கூடம் போனபிறகு படியுங்கள்.

போட்டோ கிடைத்தது. பதினைந்து வயதுப் பையனா அது? சட்டைக்குள் ஹேங்கரை விட்டு வைத்த மாதிரி தோள் துருத்திக்கொண்டு நிற்கிறது. செல்லமாகத்தான் குருவி என்று கூப்பிட்டோம், அதற்காக இப்படியா ஆகவேண்டும்? படம் பார்த்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. நான் இந்த ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தபிறகுதான் அவன் இளைக்கத் தொடங்கினான் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் கடையை விட்டு வரமாட்டேன் என்றீர்கள், நான் வேலையை விடமாட்டேன் என்றேன், நடுவில் அவன் நிற்கிறான். அதை மறுபடி கிளற வேண்டாம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் ஒருத்தி இருக்கிறாள். கலோரி அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவளிடம் எல்லாம் சொல்லிக் கேட்டேன். ஒரே வேளையில் மலை மாதிரி போட்டால் பயந்துவிடுவானாம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கவேண்டும். பாலில் வாழைப்பழமும் வறுத்த கடலையும் அடித்துக் கொடுங்கள். முட்டை தினமும். சோற்றில் ஒரு ஸ்பூன் வெண்ணெய் அவன் கண்ணில் படாமல் கலந்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் வயிறு முட்டத் தண்ணீர் வேண்டாம். விளம்பரத்தில் வரும் பவுடர் டப்பாவைத் தொடவே தொடாதீர்கள். மாடிப்படி ஏறி இறங்கட்டும், தின்றது உடம்பில் ஒட்டும். முக்கியமாக, "சாப்பிடு சாப்பிடு" என்று தலைமேல் நின்று கத்தக்கூடாது. உங்களுக்கு இதுதான் கஷ்டம்.

டாக்டர் பயணத்துக்குச் சம்மதிக்கும் அளவு தேறட்டும். பள்ளியில் விடுப்புச் சொல்லி இங்கே அனுப்புங்கள். அவனைப் பார்த்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

குருவியின் அம்மா


ஜூன் 12

மாத்திரை எண்ணும் மகராசிக்கு,

உன் கடிதத்தை வெட்டுமேசையில் விரித்து, மேலே கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்கிறேன். கடலைப்பால் முதல் நாள் மிக்சி மூடியைத் தள்ளிக்கொண்டு சுவரெல்லாம் அடித்தது. குருவி சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாகிறது தெரியுமா? அரை டம்ளர் குடித்தான்.

ஆனால் சோறு என்றால் இன்னும் அதே கதைதான். தட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிடுகிறது. நாலு வாய் உள்ளே போவதற்குள், "போதும்பா, தொண்டைல நிக்குது" என்கிறான். பரீட்சை, வாத்தியார், நீ, நான், எதை நினைத்தாலும் அவனுக்கு முதலில் வயிறுதான் மூடிக்கொள்கிறது. நேற்றுக் கொஞ்சம் கத்திவிட்டேன். கலோரி அக்காவிடம் சொல்லாதே.

என் மூளையிலும் ஒரு யோசனை உதித்தது. எதிர்க்கடை ரொட்டிக்காரர் மகன் நம்மவன் உயரம்தான், ஆனால் ஆள் வாட்டசாட்டமாக இருப்பான். அவனுக்கு அளவெடுத்து, நீலத்தில் சின்னக் கட்டம் போட்ட துணியில் ஒரு சட்டை தைத்தேன். பக்கத் தையலில், பின்னால் பெரிதாக்க வசதியாக, வழக்கம்போல் துணியும் விட்டிருக்கிறேன். அதைச் சாப்பாட்டு மேசையில் குருவிக்கு எதிரே, உன் நாற்காலி முதுகில் மாட்டி வைத்தேன். "இது உனக்கு எப்ப சரியா இருக்குதோ அன்னைக்கு அம்மாகிட்ட போறே" என்று சொன்னேன். சும்மா ஒரு ஊக்கத்துக்குத்தான்.

அவன் அதன் கையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "அம்மா உக்கார்ற இடத்துல யாரோ உக்காந்திருக்கிற மாதிரி இருக்குப்பா" என்றான். ஆனால் அன்றைக்கு இரண்டு வாய் கூடவே சாப்பிட்டான்.

தையல்காரன்


ஜூன் 20

அன்புள்ளவருக்கு,

என் நாற்காலியிலா மாட்டினீர்கள்? உங்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

கலோரி அக்காவிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். பயந்த பிள்ளைக்கு எதிரே "நீ இப்படி ஆகணும்" என்று ஒரு ஆளை உட்கார வைப்பார்களா என்று கேட்டாள். எடையைப் பற்றியே அவன் காதில் விழக்கூடாதாம். சட்டையை எடுத்து மடித்துப் பெட்டியில் வையுங்கள். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். அவன் தட்டைப் பார்க்காமல், ஊர்க்கதை பேசிக்கொண்டு, அவனோடு சேர்ந்து சாப்பிடுங்கள். அதுதான் மருந்து என்கிறாள்.

கடையில் ஆள் காத்திருக்கிறார்கள் என்று சாக்குச் சொல்லாதீர்கள். எனக்கு உங்களைத் தெரியாதா!

குருவியின் அம்மா


ஜூலை 5

மகராசிக்கு,

பள்ளிச் சீருடைத் தையல் தலைக்குமேல் கிடக்கிறது. அதனால்தான் தாமதம். உட்கார்ந்து சாப்பிட எனக்கு ஏது நேரம்? நின்றுகொண்டே விழுங்குகிறேன். திட்டாதே.

நல்ல செய்தி முதலில். குருவி தட்டைக் காலி செய்கிறான். நான் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன், திரும்பிப் போனால் வழித்துத் துடைத்த மாதிரி இருக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவனுக்குத் தெரியாமல் முதுகு திருப்பி நிற்கவைத்து எடை பார்த்தார். ஒரு துளி ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது.

எங்கேயாவது கொட்டுகிறானோ என்று குப்பைக்கூடை, ஜன்னலுக்கு வெளியே, புத்தகப்பை எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேசைக்கும் கடைக்கும் நடுவில் ஒரு திரைதானே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன். "இது வேணாமா? சரி, முட்டையை எடுத்துக்கோ" என்கிறான் குருவி, விருந்தாளியிடம் பேசுகிற மரியாதையோடு. பிறகு ஸ்பூன் தட்டில் படும் சத்தம். ஒரே நேரத்தில் இரண்டு ஸ்பூன் சத்தம் கேட்டது. திரையை விலக்கினேன். நல்ல வெயில் மேசைமேல் அடித்துக்கொண்டிருந்தது. அவன் ஒருத்தன்தான் இருந்தான். எதிரே சட்டை.

எடுத்து மடித்து வைக்கச் சொன்னாய். வைத்தேன். அன்று முழுக்க அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கடைசியில் வாந்தி எடுத்து, உடம்பெல்லாம் நடுங்க உட்கார்ந்திருந்தான். மறுபடி மாட்டிவிட்டேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். சிரிக்காதே. நான் இத்தனை வருஷமாகச் சட்டையோடு குப்பை கொட்டுகிறவன். மாட்டி வைத்த சட்டை எது, உடுத்திய சட்டை எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தச் சட்டையின் கை மடிப்பில் சுருக்கம் விழுந்திருக்கிறது. காலரின் உட்பக்கம் லேசாக அழுக்கு. குருவிதான் எடுத்துப் போட்டுப் பார்க்கிறான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவனுக்கு அதன் தோள் இறங்கி, கை விரல் வரை தொங்கும், சுருக்கம் மேலே விழுந்திருக்கவேண்டும். இது சரியாக முழங்கையில் விழுந்திருக்கிறது.

அவனிடமே கேட்டேன். கோபமில்லாமல்தான் கேட்டேன். "அவனுக்கு ரொம்பப் பசிப்பா. என்னோடதைத்தான் எடுத்துக்கிறான். அவனுக்குத் தனியா ஒரு தட்டு வெச்சிட்டீங்கன்னா என்னோடதை விட்டுடுவான்" என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் அந்தக் கெஞ்சலைப் பார்த்தேன். ஒரு கரண்டிச் சோற்றில் என்ன குறைந்துவிடப்போகிறது? வைத்தேன்.

தையல்காரன்


ஜூலை 13

அன்புள்ளவருக்கு,

கடிதம் படித்ததிலிருந்து கவனம் வேலையில் இல்லை. வரிசையில் நின்ற நோயாளிக்கு மாத்திரையை மாற்றிக் கொடுக்கப் பார்த்தேன். நல்லவேளை, பக்கத்தில் இருந்தவள் பிடுங்கிக்கொண்டாள்.

கலோரி அக்காவிடம் இரட்டை ஸ்பூன் சத்தத்தை மட்டும் சொல்லவில்லை. மற்றதைச் சொன்னேன். தனியாக இருக்கும் பிள்ளைகள் இப்படி ஒரு துணையைக் கற்பனை செய்துகொள்வது உண்டு, மனநல மருத்துவர் ஒருவரிடமும் காட்டுங்கள் என்றாள். அதற்கு டாக்டரிடமே பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பயமும் ஒரு வியாதிதான், அதற்கும் வைத்தியம் உண்டு.

ஆனால் எனக்கு நீங்கள் ஒன்று செய்தே ஆகவேண்டும். இரண்டாவது தட்டை நிறுத்துங்கள். ஏன் என்று எனக்கும் தெரியவில்லை. சாப்பாடு போட்டுப் பழக்கிவிட்டால் யாரும் எழுந்து போகமாட்டார்கள். நீங்கள் கடையைப் பாதி நேரம் மூடினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. போய் அந்த நாற்காலியில் உட்காருங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

குருவியின் அம்மா


ஆகஸ்ட் 2

மகராசிக்கு,

உன் வயிற்றில் பால் வார்க்கும் செய்தி. குருவிக்கு எடை ஏறிவிட்டது! டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. மாடிப்படி மூச்சு வாங்காமல் ஏறுகிறான். காலையில் கஞ்சி, பத்து மணிக்கு வாழைப்பழம், மத்தியானம் சோறு, முட்டை, சாயங்காலம் கடலைப்பால், ராத்திரி ரொட்டி என்று அவன் தட்டு அவன் வயிற்றுக்கே போகிறது. இனி பயணம் போகலாம் என்று எழுதியே கொடுத்துவிட்டார். மனநல மருத்துவரும் பார்த்தார். மெல்லப் பேசுகிற நல்ல மனுஷர். மூச்சை எண்ணிவிடும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார், அது குருவிக்குப் பிடித்திருக்கிறது.

தட்டை நிறுத்தினீர்களா என்று கேட்பாய். நிறுத்தவில்லை. பையன் உப்பி வரும்போது நான் ஏன் கையை வைத்துக் கெடுக்கவேண்டும்? எதிர்த் தட்டும் காலியாகத்தான் வருகிறது. இரண்டையும் குருவியே தின்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நான் அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம், "அவனுக்கு பக்கத்துல இறுக்கிப் பிடிக்குதாம்பா" என்றான். நான் சட்டையை எடுத்துவந்து, பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை வெளியே எடுத்துத் தைத்துக் கொடுத்தேன். மாட்டிய பிறகுதான் என்ன காரியம் செய்தேன் என்று உறைத்தது. சட்டை பிடிக்கிறது என்று யாராவது சொன்னால் என் கை தானாகப் பிரிக்கத் தொடங்கிவிடும், என்ன செய்ய? பிரித்த இடத்தில் நூல் உண்மையாகவே இழுபட்டிருந்தது.

குருவி இப்போது உன் பேச்சாகத்தான் இருக்கிறான். பேருந்து எங்கே நிற்கும், அங்கிருந்து உன் அறைக்கு எப்படிப் போகவேண்டும், படி எந்தப் பக்கம், கதவு என்ன நிறம், எல்லாம் என்னிடம் கேட்டுக்கொண்டு போய், எதிர் நாற்காலிக்குச் சொல்லிக்கொடுக்கிறான். போகட்டும், இங்கிருந்து கிளம்பினால் எல்லாம் சரியாகிவிடும். பதினேழாம் தேதி விடியற்காலைப் பேருந்து. சாயங்காலம் இறங்குவான். ஒரு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

பையனை உன்னிடம் அனுப்பிவிட்டு நான் தனியாக இங்கே என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன். போனில் என்றால் சொல்லியிருக்கமாட்டேன்.

தையல்காரன்


ஆகஸ்ட் 17

என் அருமைத் தையல்காரருக்கு,

வந்துவிட்டான்! நம் பிள்ளை வந்துவிட்டான்!

மூன்று மணியிலிருந்தே பேருந்து நிலையத்தில் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றேன். கடைசி ஆளாக இறங்கினான். நீலக் கட்டம் போட்ட சட்டை அவனுக்கு அச்சில் வார்த்த மாதிரி பொருந்துகிறது. உங்களை எவ்வளவு திட்டினேன், எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தோளென்ன, கன்னமென்ன! "அம்மா, பசிக்குது" என்றான். ஒரு வருஷம் கழித்துப் பிள்ளை வாயிலிருந்து முதல் வார்த்தை அதுவாக இருந்தால் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும்? அங்கேயே அழுதுவிட்டேன்.

வழியில் மருந்தகத்துக்குக் கூட்டிப்போய் எல்லோருக்கும் காட்டினேன். அங்கே ஒரே வேடிக்கை. மத்தியானம் யாரோ போன் செய்து, "பையன் வரலைன்னு சொல்லிடுங்க" என்றாராம். எடுத்த பெண் குழம்பிப்போய்ச் சொன்னாள். பையன் என் பக்கத்திலேயே நிற்கிறான்! எல்லோரும் சிரித்தோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை. அப்போதே போன் மணி அடித்தது. அவன் கையைப் பார்த்தேன். நடுங்கவே இல்லை. வாசலில் இருக்கும் எடை மெஷினில் ஆசையாக ஏற்றினேன். முள் அசையவில்லை. கெட்டுப்போயிருக்கிறது போல.

என் அறைக்கு வழி நான் காட்டவேண்டியிருக்கவில்லை. எனக்கு முன்னால் அவன் நடந்தான். வந்ததும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். சமைத்ததெல்லாம் தீர்ந்தது. என் பங்கும் தீர்ந்தது. மறுபடி உலை வைத்திருக்கிறேன். உங்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஒன்றும் பேசமாட்டேன் என்கிறான். பிரிந்து வந்த துக்கமாக இருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் என் தோளில் வாயைத் துடைத்தான், சின்னக் குழந்தையில் செய்வானே, அப்படி. நான் கொடுத்துவைத்தவள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்!

குருவியின் அம்மா


ஆகஸ்ட் 17

மகராசிக்கு,

என்னை மன்னித்துக்கொள். குருவி வரவில்லை.

நிலையத்துக்குப் போகும்வரை நன்றாகத்தான் இருந்தான். பையை வண்டிமேல் ஏற்றியாகிவிட்டது. படியில் கால் வைத்தவன் உறைந்துபோய் நின்றான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஏறலைப்பா, நான் ஏறலைப்பா" என்று ஒரே பிடியாக நின்றான். மூச்சு எண்ணச் சொன்னேன், எண்ணினான், ஆனாலும் ஏறவில்லை. நடத்துநர் தலையை நீட்டி, "உங்க பையன் அப்பவே ஏறி உக்காந்துட்டானே, நீங்க எதுக்கு இன்னும் நிக்கிறீங்க?" என்று அதட்டினார். யாரைப் பார்த்து யாரைச் சொன்னாரோ. குருவி என் கையில் தொங்கிக்கொண்டிருக்கிறான். வண்டி கிளம்பிவிட்டது. பையும் போய்விட்டது, வாங்கி வைத்துக்கொள்.

மத்தியானம் கடைத்தெருவிலிருந்து உன் மருந்தகத்துக்குப் போன் செய்தேன். நீ ஏற்கெனவே அவனை அழைக்கக் கிளம்பிவிட்டாயாம். நீ அங்கே வெறும் பேருந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாய் என்று நினைக்க நினைக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தோம். நாற்காலியில் சட்டை இல்லை. நான் அதைப் பையில் வைக்கவில்லை, நிச்சயமாகத் தெரியும். குருவியிடம் கேட்டேன். "அவன் போயிட்டான்பா" என்றான். பிறகு மேசையில் தலையை வைத்து, வெயிலிலேயே தூங்கிவிட்டான். பயப்படாமல் தூங்கினான்.

தையல்காரன்


ஆகஸ்ட் 26

என் உயிருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஐந்து தடவை படித்தேன். மருந்தகத்துக்குப் போன் செய்தேன், நீ அறைக்குப் போயிருக்கிறாய் என்றார்கள்.

நீ யாரை அழைத்துப் போனாய்?

குருவி இங்கேதான் இருக்கிறான். இதை எழுதும்போது திரைக்கு அந்தப் பக்கம் கடலை கொறித்துக்கொண்டிருக்கிறான், எனக்கு மெல்லும் சத்தம் கேட்கிறது. அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டான். தானாக வந்து, "என்னப்பா இருக்கு?" என்று கேட்கிறான். கடையைப் பாதி நேரம் மூடிவிட்டு நான்தான் இப்போது உன் நாற்காலியில் உட்காருகிறேன். நீ சொன்னது சரிதான், அதற்கு நான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஊர்க்கதை பேசுகிறோம். நேற்று இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டான். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். நம்ம குருவி!

உன் கடிதத்தை அவனிடம் காட்டவில்லை. சும்மா கேட்கிற மாதிரி, அவன் எங்கே போனான் என்று கேட்டேன். "அவன் அம்மா வேணும் அம்மா வேணும்னு என்கிட்ட அழுதுக்கிட்டே இருப்பான்பா. அம்மாகிட்ட போய்ட்டா என்னை விட்டுடுறேன்னு சொன்னான். அதான் வழி சொன்னேன். தப்பா?" என்றான். தப்பில்லை என்று சொன்னேன்.

கேள். அதைக் கதவுக்கு வெளியே தள்ளிப் பூட்டு. ஒரு பருக்கை போடாதே. நானும் குருவியும் அடுத்த வாரம் கிளம்பி வருகிறோம். அவனே வருகிறேன் என்கிறான், இப்போது பேருந்து என்றால் பயமில்லை. கடையைக் காலி செய்வதாக அதன் உரிமையாளரிடம் பேசிவிட்டேன். மெஷினை எங்கே வைத்தாலும் தைக்கும். இதை நான் ஒரு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கவேண்டும், தெரியும். மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிடலாம். பதில் போடு.

உன் தையல்காரன்


செப்டம்பர் 3

என் அன்பானவருக்கு,

வராதீர்கள்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில், பெட்டிகளுக்கு நடுவில் நின்று படித்தேன். "மூன்று பேரும் ஒரே மேசையில்" என்ற இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இந்த வார்த்தைக்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். இப்போது கையில் கிடைத்திருக்கிறது, வேண்டாம் என்று சொல்கிறேன்.

நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். ஒரு நாள் வேண்டுமென்றே தாமதமாக வந்தேன். அடுப்பு மூட்டவில்லை. அவன் மேசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். கோபப்படவில்லை. குருவியின் குரலிலேயே, மிகவும் தன்மையாக, "பரவால்லம்மா. நீ போடலைன்னா நான் வீட்டுக்கே போயிடறேன். அங்க அவன் நல்லா சாப்பிடறானாமே" என்றான். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அடுப்பை மூட்டிவிட்டேன்.

நம் பிள்ளை சாப்பிடுவது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். உங்கள் கடித உறையை அவன் எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்ததைப் பிறகு கண்டேன். அதனால் இனிமேல் எழுதாதீர்கள். குருவி இருக்கும் படம் எதுவும் அனுப்பாதீர்கள். போன் மணி அடித்தாலும் அவன் நிமிர்ந்து பார்க்கிறான். உங்கள் இருவரையும் பற்றி எனக்கு ஒரு செய்தியும் வரக்கூடாது. நானும் அங்கே வரமுடியாது, என் பின்னாலேயே வந்துவிடுவான்.

எனக்கு என்ன ஆகுமோ என்று பயப்படாதீர்கள். பழகிவிட்டது. காலையில் கஞ்சி வைக்கிறேன், பத்து மணிக்கு ஓடிவந்து பழம் கொடுக்கிறேன், குருவிக்குச் செய்யச் சொன்னதெல்லாம் இவனுக்குச் செய்கிறேன். மருந்தக வாசல் எடை மெஷினில் முள் இப்போது கொஞ்சம் அசைகிறது. என் கைக்கடிகார வாரைத்தான் ஒரு துளை இறுக்கவேண்டியிருந்தது. போகட்டும், நான் கொஞ்சம் பூசினாற்போல்தானே இருந்தேன். நீங்களே கேலி செய்வீர்களே.

ஒன்று மட்டும் உங்களிடம் மறைக்கமாட்டேன். அவன் மேல் எனக்கு அருவருப்பு இல்லை. பசிக்கிறது என்று அம்மாவைத் தேடி அத்தனை தூரம் வந்திருக்கிறான். அவன் அழுதபோது நான் அங்கே இல்லை. இப்போது இருக்கிறேன்.

குருவியிடம், அம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது, முகவரி தெரியாது என்று சொல்லிவிடுங்கள். என்னைத் திட்டட்டும். நான் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டதாகவே நினைத்துக்கொள்ளட்டும். நீங்கள் எனக்காகப் பரிந்து பேசவேண்டாம். இரண்டு நாள் சாப்பிடாமல் முரண்டு பிடிப்பான், விடாதீர்கள். எதிரே உட்காருங்கள். ஒரு வேளைகூட அந்த நாற்காலி காலியாக இருக்கக்கூடாது. அவன் ஓட்டப்பந்தயத்தில் ஓடுவதை எனக்கும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

அவன் சாப்பிடக் கூப்பிடுகிறான். போகிறேன்.

குருவியின் அம்மா